கோபால்ட் போதுமா, நடுவில் ஒரு வாரம் விடலாமா, ஏன் நம் பக்கத்திலேயே இல்லை?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 56 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை (நோய் பக்கத்துத் திசுவுக்கும் பரவிய கட்டம்) என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். மதுரையில் 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், அதன் பிறகு உள்ளே மூன்று தடவை வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கோபால்ட் என்கிற பழைய வகை மெஷின் என்றால் வருகிற திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம், புது மெஷின் என்றால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கோபால்ட் பழைய காலத்துச் சாமான், நிலத்தை விற்றாவது தனியாரில் வையுங்கள் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். அம்மாவோ காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறார். நடுவில் ஒரு வாரம் விட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போய் வரலாமா என்று கேட்கிறார். கடைசியாக மகள் கேட்டது: "இத்தனை ஊர்கள் இருக்கிற நம் பக்கத்தில் இந்த வைத்தியம் ஏன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை?"

நான் பள்ளத்தூர்க்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் கதிர்வீச்சுப் பிரிவில் பிசிசிஸ்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. டாக்டர் எழுதுகிற அளவு, உடம்புக்குள் சரியான இடத்துக்கு, சரியான கணக்கில் போய்ச் சேருகிறதா என்று அளந்து பார்ப்பதுதான் என் வேலை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். முடிவை உங்கள் டாக்டரோடு பேசி எடுங்கள்.

முதலில் சுருக்கமாக: டாக்டர் சம்மதித்தால் திங்கட்கிழமை கோபால்ட்டில் ஆரம்பியுங்கள். நிலத்தை விற்க வேண்டாம். நடுவில் ஒரு நாள்கூட நீங்களாக விடாதீர்கள். உள்ளே வைக்கிற மூன்று தடவைக்கும் தேதி இப்போதே கேட்டு வாங்குங்கள். இனி ஒவ்வொன்றாகக் காரணம் சொல்கிறேன்.

பால்குடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தவரை ஆளைக் கொல்வது பழைய மெஷின் இல்லை, நடுவில் விழுகிற இடைவெளிதான். கதிர் பட்டதும் புற்று அணுக்கள் உடனே செத்து விழுவதில்லை. அவற்றின் மரபுப் பொருள் சேதமாகிறது, அடுத்த முறை பெருகப் போகும்போது சாகின்றன. நல்ல திசுவும் அடிபடுகிறது, ஆனால் இரவோடு இரவாகத் தன்னைச் சரி செய்துகொள்ளும் திறமை அதற்கு அதிகம். அதனால்தான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் 25 பங்காகப் பிரிக்கிறோம். ஆனால் பாருங்கள், மூன்று நான்கு வாரம் ஆனதும் மிஞ்சியிருக்கிற புற்று அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஒரு வாரம் விட்டால், அதுவரை கொடுத்ததில் ஒரு பகுதியை நாமே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வெளிக்கதிர், உள்கதிர் எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. அதற்கு மேல் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை குறைகிறது. ஒரு வாரத் திருவிழாவுக்கு என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் பெரியாத்தாவுக்கும் இதே நோய்தான். நான் படித்துக்கொண்டிருந்த காலம். பதினைந்து நாள் கரண்ட் வைத்ததும் இரத்தப்போக்கு சுத்தமாக நின்றுவிட்டது. "எனக்குச் சரியாப் போச்சு, பேத்தி கல்யாணத்தை வச்சுக்கிட்டு நான் எதுக்கு இங்கே கிடக்கணும்" என்று கிளம்பி வந்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. ஏழு மாதம் கழித்துக் கால் வீங்கித் திரும்பப் போனபோது டாக்டர்களால் வலிக்கு மருந்து கொடுக்க மட்டுமே முடிந்தது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரத்தப்போக்கு நிற்பது நல்ல அறிகுறி, ஆனால் அது பாதி வழிதான். உங்கள் அம்மாவுக்கும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் நின்றுவிடலாம். அப்போதுதான் அவரைப் பிடித்து வைப்பது கஷ்டம், இப்போதே பேசி வையுங்கள். பால்குடத்தை அடுத்த வருஷத்துக்கு மாற்றி வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள். முத்துமாரி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மெஷின் ரிப்பேர், அரசு விடுமுறை என்று உங்கள் கையில் இல்லாத காரணத்தால் நாள் போனால், சும்மா இருந்துவிடாமல் "போன நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள்" என்று கேளுங்கள். சனிக்கிழமை வைக்கலாம். சில நோயாளிகளுக்கு ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவையும் வைப்பதுண்டு. கேட்கிறவர்களுக்கு வழி பிறக்கும்.

சரி, கோபால்ட். இந்த மெஷினின் தலைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் ஒரு சிறு உருளையில் இருக்கிறது. அது தானாகவே காமா கதிரை விட்டுக்கொண்டே இருக்கும், நாம் கதவைத் திறந்து மூடுகிற மாதிரிதான் வேலை. 1951-இல் கனடாவில் முதன்முதலாக நோயாளிகளுக்கு வைத்தார்கள். லினாக் என்கிற புது மெஷினில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. மின்சாரத்தைக் கொண்டு எலக்ட்ரான்களை முடுக்கி உலோகத்தில் மோதவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. அது கோபால்ட் கதிரைவிட ஆழமாகப் போகும், ஓரம் கூர்மையாக இருக்கும், கதிரை வேண்டிய வடிவத்துக்கு வளைத்துச் செதுக்கலாம். கழுத்து, வாய், மூளைப் புற்றுக்கு இந்த வித்தியாசம் பெரிது. உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்ற முடிந்தால், பிறகு வாழ்நாள் முழுக்க வாய் வறண்டு கிடக்கும் அவஸ்தை குறையும். உங்கள் வீட்டில் தொண்டைப் புற்று என்று கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இடுப்புக்குள் இருக்கிற நோய்க்கு, அதுவும் அதிகப் பருமன் இல்லாத ஒரு கிராமத்து அம்மாவுக்கு, முன்னால், பின்னால், இரண்டு பக்கம் என நான்கு திசையிலிருந்து கோபால்ட் வைத்தால் நடுவில் வேண்டிய அளவு போய்ச் சேருகிறது. குடலுக்கும் தோலுக்கும் லினாக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் படும். வயிற்றுப்போக்கு, தோல் கறுப்பது கொஞ்சம் அதிகம் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ளலாம், ஒரு மாதம் நோயை வளரவிட்டுக் காத்திருப்பதைத் தாங்க முடியாது. காத்திருப்பு நான்கைந்து நாள்தான் என்று சொல்லியிருந்தால் லினாக்குக்கே போகச் சொல்லியிருப்பேன்.

கோபால்ட்டில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சோர்ஸ், அதாவது உள்ளே இருக்கிற அந்தக் கதிரியக்க உலோகம், எப்போது மாற்றியது? கோபால்ட்-60 ஏறக்குறைய 5 வருஷம் 3 மாதத்தில் பாதி பலமாகிவிடும், மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோர்ஸ் பழசானால் அளவு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அதைக் கணக்கில் எடுத்து நேரத்தைக் கூட்டிவிடுவோம். ஒன்றரை நிமிஷம் படுத்த இடத்தில் மூன்று நிமிஷம் படுக்க வேண்டியிருக்கும். கெடுதல் அந்த நோயாளிக்கு இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. நான் இருந்த ஒரு மருத்துவமனையில் புது சோர்ஸ் வருவதற்குள் காகிதம் மேசை மேசையாக நகர்ந்தே ஒன்றரை வருஷம் போனது. முன்பு நாளைக்கு 60 பேர் பார்த்த மெஷினில் 35 பேரைப் பார்க்கவே இரவு எட்டு மணி ஆனது. கடைசி பஸ்ஸை விட்டவர்கள் வராந்தாவில் படுத்தார்கள். மறுநாள் வராமல் போனவர்களும் உண்டு.

உள்ளே வைப்பதை நாங்கள் பிராக்கி என்போம். கர்ப்பப்பை வாய்க்குள் மெல்லிய குழாயை வைத்து, அதன் வழியாக அரிசி மணியளவு சோர்ஸ் ஒன்று போய்ச் சில நிமிஷம் இருந்து திரும்பி வந்துவிடும். நோய் இருக்கிற இடத்துக்கே பெரிய அளவு, பக்கத்துச் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் குறைவு. எவ்வளவு விலை உயர்ந்த லினாக் வைத்தாலும் இதற்கு ஈடாகாது. என்னைக் கேட்டால், இந்த நோயில் 'எந்த மெஷின்' என்பதைவிட 'பிராக்கி உண்டா' என்பதுதான் முதல் கேள்வி. உள்கதிர் இல்லாமல் வெளிக்கதிரையே நீட்டி முடித்துவிடுகிற இடங்கள் உண்டு. உங்களுக்கு மூன்று தடவை என்று எழுதியிருக்கிறார்கள், நல்லது. அது அங்கேயேவா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா, எந்தத் தேதி என்பதை முதல் வாரத்திலேயே கேளுங்கள். 25 நாள் முடிந்த பிறகு இடம் தேட ஆரம்பித்தால் அந்த 8 வாரக் கணக்கு உடைந்துவிடும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. இந்தியாவில் 2022-இல் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர் என்பது உலக அளவில் எடுத்த மதிப்பீடு. அதில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும், அதாவது 7 லட்சம். ஒரு மெஷின் வருஷத்துக்கு 450 பேரைப் பார்க்கும் என்று வைத்தால் 1,500-க்கு மேல் வேண்டும். நாட்டில் இருப்பது அதில் பாதியளவுதான். அந்தப் பாதியும் பெருநகரங்களில் குவிந்து கிடக்கிறது. தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட மேல். மதுரை, தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருப்பதே நம் பக்கத்துக்குப் பெரிய ஆறுதல். ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு மெஷின்கூட இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை 2022-இல் சொன்னது. நாடு முழுவதற்கும் ஒன்றே இருந்த உகாண்டாவில் 2016-இல் அந்த ஒரே கோபால்ட் மெஷினும் பழுதாகி நின்றுபோனது. 1995-இலிருந்து ஓடிய மெஷின். புதியது வந்து வேலை தொடங்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. வசதி உள்ளவர்கள் நைரோபிக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

பணம் மட்டும் காரணம் என்று நினைத்தால் அது பாதிதான். மெஷினை வைக்கிற அறைக்கு ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை கனமுள்ள கான்கிரீட் சுவர் வேண்டும். நம் ஊர்ப் பெரிய வீட்டுச் சுவர்களையே கனம் என்று சொல்வோம், அவை இதன் பக்கத்தில் நிற்காது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரைபடத்திலிருந்து ஆள் வரை பார்த்து அனுமதி தர வேண்டும். அது தொல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு ஒரு கோபால்ட் சோர்ஸ் போய்ச் சேர்ந்து ஓர் உயிர் போனது. அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். அப்புறம் ஆட்கள்: டாக்டர், பிசிசிஸ்ட், டெக்னீஷியன் மூன்று பேரும் இல்லாமல் மெஷின் ஓடாது. சிறிய ஊருக்கு வந்தவர்கள் பிள்ளைகள் படிப்பைச் சொல்லி இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள். லினாக்குக்கு நிலையான மின்சாரம், இரவு பகல் ஓடுகிற குளிர்சாதனம், வருஷா வருஷம் மெஷின் விலையில் ஒரு நல்ல பங்கைக் கேட்கிற பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். உலகத்துக்குப் பெரும்பாலும் விற்பது வேரியன், எலெக்டா என்ற இரண்டு கம்பெனிகள்தான். உதிரிப்பாகம் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். திறப்பு விழாவுக்கு ஆள் கிடைக்கும், ஏழாவது வருஷத்துப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கத்தான் ஆள் கிடைக்காது. வளரும் நாடுகள் பலவற்றில் மெஷின் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கஷ்டத்தை நன்றாகப் புரிந்து செய்த வேலை என்று நான் மதிப்பது பாபாட்ரான். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்து, பெங்களூரில் தயாராகிற கோபால்ட் மெஷின். வெளிநாட்டு மெஷினைவிட விலை குறைவு, மின்சாரம் போனாலும் சமாளிக்கும். வியட்நாமுக்கும் இலங்கைக்கும் மங்கோலியாவுக்கும்கூட இந்தியா கொடுத்தது. மகாராஷ்டிராவில் பார்ஷி என்ற சிறிய ஊரில் கதிர்வீச்சு வசதியோடு ஒரு கிராமப்புறப் புற்றுநோய் மருத்துவமனை பல வருஷமாக நடக்கிறது. அதனால் சிறிய ஊரில் முடியவே முடியாது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் உருவாக்கிய முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது சுதந்திரம் வந்த புதிதில்.

ஆனால் ஊருக்கு ஒரு மெஷின் வருவதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். உங்கள் ஊரிலிருந்து காளையார்கோவில், சிவகங்கை வழியாக மதுரைக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். போய் வந்தால் 200, 25 நாளைக்கு 5,000 கிலோமீட்டர். வயிற்றுப்போக்கோடும் வாந்தியோடும் ஒரு 56 வயது அம்மா பஸ்ஸில் போகிற தூரமா இது? பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான், இந்தத் தூரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். கூட வருகிறவருக்கு ஐந்து வாரக் கூலி போகிறது. வைத்தியத்தை நடுவில் விட்டவர்களிடம் நான் காரணம் கேட்டபோதெல்லாம் வந்த பதில் மெஷின் பற்றியது இல்லை, தங்க இடமும் பஸ் காசும்தான். காசிக்குப் போகிறவன் தெருவில் படுக்கக் கூடாது என்று 1863-லேயே அங்கே நகரத்தார் சத்திரம் கட்டியவர்கள் செட்டிநாட்டுக்காரர்கள். கதிர்வீச்சுப் பிரிவுகளின் பக்கத்தில் ஆறு வாரம் தங்கிக் கஞ்சி காய்ச்சிக் குடிக்க இருபது அறை, ஒரு பொதுச் சமையற்கட்டு, அவ்வளவுதான் வேண்டும். ஒரு லினாக் விலையில் அப்படி எத்தனையோ கட்டலாம். வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு உடனடியாக: தூரத்தைச் சொல்லி உள்நோயாளியாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் தூரத்து நோயாளிகளுக்குப் படுக்கை கொடுப்பதுண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியாரிலும் அங்கீகாரம் பெற்ற இடங்களில் கதிர்வீச்சு அதில் அடங்கும். அதனால் யார் எவ்வளவு கேட்டாலும், முதலில் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மேசையைப் பார்க்காமல் நிலத்தில் கை வைக்காதீர்கள். ரயிலில் போனால் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார். நாட்களைக் குறைக்க முடியாதா என்று சிலர் கேட்பார்கள். மார்பகப் புற்றுக்கு 25 நாள் என்பது 15 ஆகி, இப்போது பொருத்தமான சிலருக்கு 5 நாளிலேயே முடிகிறது. எலும்புக்குப் பரவிய வலிக்கு ஒரே ஒரு தடவை போதும். நம் மாதிரி நாடுகளுக்கு இது பத்துப் புது மெஷினுக்குச் சமம். கர்ப்பப்பை வாய்க்கு மட்டும் இன்னும் 25 நாள்தான் நம்பத்தக்க முறை, குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் கதிரின் வேலை மந்தப்படும். மாதக்கணக்கில் இரத்தம் போயிருக்கும், திங்கட்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். வாரம் ஒரு தடவை ஊசி மருந்தும் (கீமோ) ஏற்றுவார்கள். அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நம் வீட்டுக் காரசாரத்தையும் கீரையையும் இரண்டு மாதம் ஒதுக்கி வையுங்கள். இட்லி, குழைந்த சோறு, மோர், கஞ்சி போதும். அம்மா உடம்பில் கதிர் தங்காது, பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம், தனித் தட்டு தனி டம்ளர் எதுவும் வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று நர்ஸ் சொல்லித் தருவார். வயதானவர் என்று சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. டாக்டர் பின்னால் உள்ளே பரிசோதிக்கவாவது அது தேவை, வெட்கப்படாமல் நீங்கள் கேளுங்கள்.

உங்களுக்கு 30 வயது தாண்டியிருந்தால் இன்னொன்று. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கிற பரிசோதனை செய்ததில், இந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளிவந்த முடிவு அது. ஐந்து நிமிஷ வேலை, அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே காத்திருக்கப் போகிற 25 நாளில் ஒரு நாள், அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போய் அதைச் செய்துகொள்ளுங்கள்.